எத்தனை மணிக்கு வந்து சேருவான்?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



பூகோளப் பாடம் நடத்தப் போகிறேனோ என்று பயப்பட வேண்டாம். நம்ம திருமங்கலம் பக்கம் ஒரு பெரியவர் கண்ணை மூடினால், பந்தல் போடும்போதே கேள்வி வந்துவிடும்: "அமெரிக்காவில இருக்கிற மகன் எத்தனை மணிக்கு வந்து சேருவான்?" அதற்கு ஒரு கணக்குச் சொல்லத்தான் வந்தேன்.

தூரம் மனசில் ஒன்றாகவும் உருண்டையில் வேறாகவும் இருக்கிறது. மதுரையிலிருந்து ஆகாய வழியில் சென்னை 400 கிலோமீட்டருக்கு மேல். கொழும்பு சுமார் 350தான்! 2012 செப்டம்பரில் மதுரையின் முதல் வெளிநாட்டு விமானம் பறந்ததும் கொழும்புக்குத்தான். இருந்தாலும் சென்னையைத்தானே பக்கம் என்கிறோம்?

சான் பிரான்சிஸ்கோவுக்கு வருவோம். 2021 ஜனவரி 9, சனிக்கிழமை இரவு அங்கிருந்து ஏர் இந்தியாவின் நேரடி விமானம் பெங்களூருக்குக் கிளம்பியது. ஓட்டியவர்கள் அத்தனை பேரும் பெண்கள், தலைமை கேப்டன் ஜோயா அகர்வால். (தங்கைகள் கவனிக்க!) ஏறக்குறைய 14,000 கிலோமீட்டர், வட துருவத்தின் மேலாக. ஏன் இப்படிச் சுற்ற வேண்டும்? சுற்று இல்லை, அதுதான் குறுக்கு வழி. சுவரில் மாட்டிய படத்தை விட்டுவிட்டு, பூகோள உருண்டையில் இரண்டு ஊருக்கும் நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். நூல் தானே துருவத்துப் பக்கம் ஏறும்.

பயணம் சுமார் 17 மணி நேரம். ஆனால் இறங்கியது திங்கள் விடியற்காலை. ஞாயிற்றுக்கிழமை எங்கே போச்சு? குளிர்காலத்தில் நம் கடிகாரம் அவர்களுடையதைவிட பதிமூன்றரை மணி முந்தி ஓடுகிறது, கோடையில் பன்னிரண்டரை. "சனி ராத்திரி ஏறிட்டேன்" என்று மகன் போனில் சொன்னால், இங்கே ஞாயிறு மத்தியானம் எடுப்பதாகச் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். அந்த நேரம் அவன் பாதி வழியைக்கூடத் தாண்டியிருக்க மாட்டான்.

அந்த நேரடி விமானத்தையே வைத்துப் பார்ப்போம். வீட்டிலிருந்து விமான நிலையம் 1 மணி, அங்கே காத்திருப்பு 3, பறப்பது 17, பெங்களூரில் வெளியே வர ஒன்றரை, அப்புறம் காரில் சுமார் 450 கிலோமீட்டர், 8 மணி. ஆக முப்பதரை. நடுவில் இன்னொரு விமானம் மாறினால் இன்னும் கூடும். ஐஸ் பெட்டிக்குச் சொல்பவர்கள் பதினேழை விட்டுவிட்டு இந்த முப்பதரையைச் சொல்லுங்கள்.

இதில் டிக்கெட் கிடைக்கும் நேரத்தை நான் சேர்க்கவேயில்லை. பாஸ்போர்ட் காலாவதியாகியிருந்தால் எந்தக் கணக்கும் நிற்காது. வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய நண்பர்கள் ஓ.சி.ஐ. அட்டையை இப்போதே எடுத்துப் பாருங்கள். வாசலிலிருந்து வாசல் வரை எத்தனை மணி என்று எழுதி, ஊரில் இருக்கும் அண்ணன் தம்பி கையில் ஒரு சீட்டு கொடுத்துவிட்டுப் போங்கள்.