பாலாற்றங்கரையில் ஒரு பகல்: மயானக் கொள்ளையின் வேடக் கலை



மகா சிவராத்திரி முடிந்ததும் வரும் மாசி அமாவாசையில் மயானக் கொள்ளை. வேலூரின் பல பேட்டைகளிலிருந்தும் அன்று அம்மன் தேர்கள் பாலாற்றங்கரைக்குப் புறப்படும். ஆற்காட்டிலிருந்து வேலூர் சுமார் 25 கிலோமீட்டர்தான். காலையில் பஸ் ஏறினால் பகல் முழுவதும் விழாவில் இருந்துவிட்டு இரவுக்குள் வீடு திரும்பலாம். நம் பகுதிக் கல்லூரி மாணவர்கள் ஒரு நாளை இதற்கென ஒதுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இன்று பேசுகிறேன். இது வழிபாடு என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த வழிபாட்டுக்குள் தேர்ந்த கலை ஒன்றும் இருக்கிறது. அதுதான் வேடம் கட்டும் கலை.

முதலில் கதை. பிரம்மனுக்கு ஐந்து தலை இருந்த காலத்தில் சிவன் ஒரு தலையைக் கிள்ளினார். அந்தக் கபாலம் அவர் கையிலேயே ஒட்டிக்கொண்டது. பிச்சையேற்றுத் திரிந்த சிவன் மேல்மலையனூர் மயானத்துக்கு வந்தபோது, அம்மன் உணவை உருண்டையாக்கிச் சூறையிட்டாள். அதை உண்ணக் கபாலம் கீழே இறங்கியது. உடனே அவள் பேருருவம் எடுத்து அதைக் காலால் மிதித்து அடக்கினாள். இதைத்தான் ஆண்டுதோறும் மயானத்தில் நடத்திக் காட்டுகிறோம். அவித்த பயறு, கொழுக்கட்டை, காய்கறி, சில்லறைக் காசு எல்லாவற்றையும் வாரி இறைக்கிறார்கள். மக்கள் முண்டியடித்துப் பிரசாதமாக எடுத்துப் போகிறார்கள்.

பெரும்பாலோர் மதியத்துக்கு மேல் ஊர்வலத்தைப் பார்க்க வருகிறார்கள். நீங்கள் காலையிலேயே போங்கள். கலை நடப்பது அப்போதுதான். கோயில் பக்கத்துத் திண்ணையிலோ சாமியானா பந்தலிலோ வேடம் கட்டிக்கொள்பவர் அசையாமல் உட்கார்ந்திருப்பார். வேண்டுதல் வைத்து, காப்புக் கட்டி, விரதம் இருந்தவர் அவர். முகத்தில் தேங்காய் எண்ணெய் தடவி அடிவண்ணம் பூசுவார்கள். காளி என்றால் நீலமோ கருப்போ, சாந்த வடிவ அம்மன் என்றால் மஞ்சள். அதன்மேல் சிவப்பு. கடைசியில் கண். இமையைச் சுற்றி வெள்ளைக் கோடு இழுத்து, அதற்கு வெளியே கருப்பால் கரை கட்டுவார்கள். கிட்டே பார்த்தால் அந்தக் கோடு தடிப்பாகத் தெரியும். கூட்டத்துக்கு அப்பாலிருந்து பார்க்கிறவருக்கோ கண் இரண்டு மடங்காகத் தெரியும். எந்தத் தூரத்துக்கு எவ்வளவு மை என்ற கணக்கு அந்தக் கையில் இருக்கிறது. தெருக்கூத்து அரிதாரத்திலும் இதே கணக்குதான்.

நாக்கை உற்றுப் பாருங்கள். சிவப்புத் துணியிலோ தகட்டிலோ செய்த நாக்கைப் பல்லில் கடித்துக்கொண்டதும் வேடக்காரரால் பேச முடியாது. மூக்கால்தான் மூச்சு. கோபம், கருணை, ஆவேசம் எல்லாவற்றையும் கண்ணும் தோளும் நடையுமே சொல்லியாக வேண்டும். நல்ல வேடக்காரரை இங்கேதான் அடையாளம் காணலாம். சும்மா கையை வீசுகிறவர் ஒரு தெருவுக்குள் களைத்துப் போவார். தேர்ந்தவர் நிற்பார், திரும்புவார், ஒரே ஒரு பார்வை பார்ப்பார். தெரு முழுக்க அடங்கிவிடும்.

அந்த நடையைத் தாங்கிப் பிடிப்பது பம்பை. ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டிய இரண்டு முழவுகள். ஒன்று மரம், மற்றொன்று வெண்கலம். இரண்டின் முகமும் தோல். உடுக்கையும் சிலம்பும் கூடச் சேரும். பம்பைக்காரர் அடியின் வேகத்தை ஏற்றும்போது வேடக்காரரின் முதுகு நிமிர்வதையும், இறக்கும்போது மூச்சு சீராவதையும் கவனியுங்கள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வதே இல்லை.

நேயர்களே, நம் வேடக் கலையோடு ஒப்பிட்டுப் பார்க்க, உலகம் அறிந்த முகமூடி விழா ஒன்று இத்தாலியின் வெனிஸ் நகரத்தில் நடக்கிறது. கிறிஸ்தவர்களின் தவக்காலம் தொடங்குவதற்கு முந்தைய செவ்வாய்க்கிழமையோடு அது முடியும். ஈஸ்டர் நாளைப் பௌர்ணமியை வைத்துக் கணிப்பதால், அதிலிருந்து பின்னோக்கி எண்ணும்போது அந்தச் செவ்வாய் அமாவாசையை ஒட்டியே வருகிறது. 2026இல் பிப்ரவரி 17 அமாவாசை. வெனிஸ் விழாவின் கடைசி நாளும் அதுவே.

அங்கே ‘பவுத்தா’ என்றொரு முகமூடி உண்டு. முகம் முழுவதையும் மறைக்கும், குரலையும் மாற்றிவிடும். பிரபுவா வேலைக்காரரா என்று எவராலும் சொல்ல முடியாது. ‘மொரெத்தா’ என்பது பெண்கள் அணிந்த கருப்பு முகமூடி. உள்பக்கத்துப் பொத்தானைப் பல்லில் கடித்துத்தான் அதை முகத்தில் நிறுத்த வேண்டும். அணிந்தவர் பேச முடியாது. நம் காளியின் நாக்கும் அதே வேலையைச் செய்கிறது. இத்தாலிய நாடகக்காரர்கள் தோலிலும் முகமூடி செய்தார்கள். ஈரத்தோலை மர அச்சின்மேல் இழுத்து, தட்டித் தட்டி மூக்கும் புருவமும் எழுப்புவார்கள். லாஸ்ட் என்னும் கால் அச்சின்மேல் ஷூவின் மேல்தோலை இழுத்து வடிவம் பிடிக்கிற ஆம்பூர், பேரணாம்பட்டு நேயர்களுக்கு இந்த வேலையை நான் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் அடிப்படையில் ஒரு வேறுபாடு உண்டு. வெனிஸில் முகமூடி ஆளை மறைக்கிறது; அந்த மறைவில் கிடைக்கும் சுதந்திரம்தான் விழா. பாலாற்றங்கரையில் ஆள் யார் என்பது ஊருக்கே தெரியும். நேற்று ஷூ கம்பெனி பஸ்ஸில் நம்மோடு நின்றுகொண்டு வந்தவராக இருப்பார். இன்று அவர் எதிரில் வரும்போது, அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட பெரியம்மாவே கற்பூரம் ஏற்றிக் குழந்தையைக் காலடியில் கிடத்துகிறார். நமக்குத் தெரிந்த ஒருவரை, தெரிந்துகொண்டே, தெய்வமாக ஏற்கிறோம். பார்க்கிறவரும் மனசார ஒத்துழைத்தால்தான் இந்தக் கலை நிறைவேறும். என் மதிப்பீட்டில் இதன் உச்சம் அதுதான்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். பெரிய ஒலிபெருக்கிப் பாட்டு வந்த இடத்தில் பம்பை கேட்பதில்லை. பம்பை கேட்காத இடத்தில் வேடக்காரரின் நடை குலைந்துவிடுகிறது. தோலுக்கு ஆகாத பெயின்ட்டை முகத்தில் அடிப்பது உடம்புக்குக் கேடு. உயிரோடு கோழியைக் கடிப்பது கூட்டத்தைத் திகைக்க வைக்கலாம். கலைக்கு அது எதையும் கூட்டுவதில்லை. விழா நடத்தும் பெரியவர்கள் இந்த மூன்றையும் யோசிக்க வேண்டும்.

மாணவ நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். வெனிஸில் முகமூடி செய்தவர்களுக்கு 1436ஆம் ஆண்டிலேயே தனிச் சங்க விதிகள் எழுதப்பட்டன. 1797இல் நெப்போலியனிடம் அந்தக் குடியரசு வீழ்ந்தது, விழாவும் ஒடுங்கியது. 1979இல் அதை மீண்டும் எழுப்பியபோது முகமூடிகளின் வகையும் பெயரும் செய்முறையும் ஏடுகளிலும் ஓவியங்களிலும் காத்திருந்தன. நம் வேடக் கலையோ பெரும்பாலும் கையிலிருந்து கைக்கு மட்டுமே போகிறது. ஆகவே போகும்போது ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துப் போங்கள். அனுமதி கேட்டுப் படம் எடுங்கள். வண்ணம் தீட்டும் ஐயாவிடம் அவர் பெயரையும், யாரிடம் கற்றார் என்பதையும், எந்த வண்ணத்தை எதில் குழைக்கிறார் என்பதையும் கேட்டு எழுதுங்கள். பம்பைக்காரரிடம் அடிகளின் பெயரைக் கேளுங்கள். மாசியில் முடியாதவர்கள் வைகாசி முதல் நாள் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்குப் போய் இதே வேலையைத் தொடங்கலாம். வண்ணம் தீட்டும் கைகளை நம் தலைமுறை பெயரோடு எழுதி வைத்தால், அடுத்த தலைமுறை இந்தக் கலையைத் தேடி அலைய வேண்டியிருக்காது.