சிறப்புப் பட்ட மாணவருக்கு வழிகாட்டுவார் யார்?

(யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழக மாணவர் கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரை)



நான்கு ஆண்டுகள் ஒரு துறையிலே ஆழ்ந்து கற்றுச் சிறப்புப் பட்டம் பெறும் மாணவன், பட்டமளிப்பு விழா முடிந்த மறுநாள் எங்கே நிற்கிறான் என்பதைப் பற்றியே இன்று பேச விரும்புகின்றோம். மாணவன் என்று நாம் சொல்லும் இடமெல்லாம் மாணவியையும் சேர்த்தே சொல்கின்றோம். இலங்கைப் பல்கலைக்கழகங்களிலே பயில்வோரில் பெரும்பான்மையோர் இன்று பெண்கள்தாம்.

2017ஆம் ஆண்டிலே வடக்கிலும் கிழக்கிலும் வேலையற்ற பட்டதாரிகள் மாதக்கணக்கில் வீதியோரத்தில் அமர்ந்து போராடியதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அரசாங்க உத்தியோகம் கேட்டு அவர்கள் போராடியது நியாயமே. ஆயினும் அவர்களுள் முதல் வகுப்பிலும் மேற்பிரிவு இரண்டாம் வகுப்பிலும் தேறிய எத்தனையோ பேர், உலகின் சிறந்த பல்கலைக்கழகங்களில் ஒரு சதமும் செலவின்றி மேற்படிப்புப் படிக்கக்கூடிய தகுதியுடையவராய் இருந்தும், அத்தகுதி தமக்கு உண்டென்பதையே அறியாதிருந்தனர் என்றால் அது யார் குற்றம்?

புலமைப்பரிசில்கள் இல்லாமலில்லை. பொதுநலவாயப் புலமைப்பரிசில் திட்டம் 1959ஆம் ஆண்டிலே வகுக்கப்பட்டது. மேற்பிரிவு இரண்டாம் வகுப்பேனும் பெற்ற பட்டதாரி அதற்கு விண்ணப்பிக்கலாம். அமெரிக்காவின் புல்பிரைட் திட்டத்துக்கென இந்நாட்டில் ஆணைக்குழு ஏற்பட்டது 1952இல். பிரித்தானிய அரசின் செவனிங் பரிசில் 1983இல் தொடங்கியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டுஸ், ஜப்பானிய அரசின் பரிசில், இந்திய அரசு இலங்கை மாணவருக்கென ஒதுக்கிய நேரு நினைவுப் பரிசில், மௌலானா ஆசாத் பரிசில் என்று வேறும் பல உள. இந்தியத் துணைத் தூதரகம் 2010 முதல் இந்த யாழ்ப்பாணத்திலேயே இருக்கின்றது. இப்பெயர்களுள் மூன்றையேனும் இரண்டாம் ஆண்டிலே அறிந்திருந்தவர் இங்கு எத்தனை பேர்? கையுயர்த்தச் சொல்லி உங்களைச் சங்கடப்படுத்த நாம் விரும்பவில்லை.

இனிச் சிறிது பழைய கதை. 1870ஆம் ஆண்டிலே 17 வயது இளைஞரொருவர் புலமைப்பரிசில் பெற்றுக் கேம்பிரிட்ஜ் சென்று கிறைஸ்ட் கல்லூரியிலே சேர்ந்தார். அவரே பொன்னம்பலம் அருணாசலம். 1875இல் போட்டிப் பரீட்சையில் தேறி இலங்கைச் சிவில் சேவையுட் புகுந்த அவர், தாம் கடல் கடந்து பெற்ற கல்வியைத் தம் நாட்டவர் இந்நாட்டிலேயே பெறவேண்டுமென விரும்பி, 1906இல் இலங்கைப் பல்கலைக்கழகச் சங்கத்தின் தலைமையை ஏற்றார். 1921இல் பல்கலைக்கழகக் கல்லூரி எழுந்தது. 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் எழுந்தது. பின்னதைக் காண அவர் உயிரோடிருக்கவில்லை.

அருணாசலத்தின் அறிவாற்றலைக் குறைத்துச் சொல்வது நம் நோக்கமன்று. ஆனால் அவருடைய தாய்மாமனாகிய முத்துக்குமாரசுவாமி யார்? இங்கிலாந்து சென்று பாரிஸ்டராகத் திரும்பிய பெரியார். சட்டநிரூபண சபை உறுப்பினர். எந்தக் கப்பல், எந்தக் கல்லூரி, எவருக்குக் கடிதம் எழுதுவது என்றெல்லாம் கேட்டறிய அந்த இளைஞர் வீட்டு வாயிலைத் தாண்டவேண்டியதில்லை. இன்று முல்லைத்தீவிலிருந்தும் மன்னாரிலிருந்தும் வாகரையிலிருந்தும், மலையகத் தோட்டத்து லயன்களிலிருந்தும் வந்து, குடும்பத்திலே முதன்முதற் பல்கலைக்கழக வாயிலை மிதித்த பிள்ளைக்கு அத்தகைய மாமன் எங்கே? 1945இல் கன்னங்கரா கொணர்ந்த இலவசக் கல்வி அந்தப் பிள்ளையைப் பட்டம் வரை கொண்டுவந்து சேர்த்தது. அதற்கு அப்பால் வீட்டிலே வழியறிந்தவர் உள்ள பிள்ளை போகிறது. இல்லாத பிள்ளை நிற்கிறது. இந்த அநீதியைத்தான் நாம் இன்று எடுத்துரைக்கின்றோம்.

வழிகாட்டி என்பவன் யாது செய்கிறான்? ஓர் உதாரணம் பாருங்கள். பேராதனையிலே தமிழ் கற்ற கைலாசபதி, பேர்மிங்ஹாம் சென்று பேராசிரியர் ஜோர்ஜ் தொம்சனிடம் ஆய்வு செய்தார். தொம்சன் கிரேக்க இலக்கியப் புலமையாளர். தமிழ் அவர் துறையன்று. ஆனால் கிரேக்க வீரயுகக் கவிதையை எந்தக் கண்கொண்டு நோக்கவேண்டுமென்று அவர் அறிந்திருந்தார். அக்கண்கொண்டு நம் சங்கச் சான்றோர் செய்யுளை நோக்கி எழுதப்பட்ட நூலை 1968இல் ஒக்ஸ்போர்ட் வெளியிட்டது. கரவெட்டியிற் பிறந்த சிவத்தம்பியும் அதே ஆசிரியரிடம் சென்று, பண்டைத் தமிழ்ச் சமூகத்து நாடகத்தை ஆராய்ந்து 1970இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். இருவரும் திரும்பி வந்தனர். 1974இல் யாழ்ப்பாண வளாகம் தொடங்கியபோது அதன் முதல் தலைவர் கைலாசபதியே. ஆகவே எந்த நாடு என்பதற்கு முன்னர் எந்த ஆசிரியர் என்று கேளுங்கள். இன்று மாணவர் பலர் இலண்டன் என்றும் மெல்பேண் என்றும் நகரத்தின் பெயரைச் சொல்கின்றனரேயன்றி, அங்கே தம் துறையில் யார் இருக்கிறார் என்று சொல்வதில்லை. அதைச் சொல்லிக் கொடுப்பது இங்குள்ள விரிவுரையாளரின் கடமை.

கணிதத் துறையிலும் இக்கதை உண்டு. கொழும்பிலே கற்றுக் கேம்பிரிட்ஜ் சென்ற எலியேசர், பௌதிகமேதை டிராக்கின் வழிநின்று ஆராய்ந்து, மீண்டு வந்து இலங்கைப் பல்கலைக்கழகத்துக் கணிதப் பேராசிரியரானார். பின்னர் மலாயா சென்றார். அதன்பின் அவுஸ்திரேலியா சென்று அங்கேயே தங்கிவிட்டார். அவர் ஏன் போனார் என்ற வினாவுக்குப் பின்னர் வருவோம்.

நடைமுறைத் தடைகளை நேரே பார்ப்போம். பெரும்பாலான பரிசில்களுக்கு ஆசிரியரின் சிபாரிசுக் கடிதம் வேண்டும். இறுதியாண்டு முடிவிலே மாணவன் ஓடி வந்து கேட்கிறான். இருநூறு பேர் அமர்ந்த மண்டபத்திலே அவன் முகத்தைக் கண்டறியாத ஆசிரியர், நல்லவர், ஒழுக்கமுள்ளவர், வரவு ஒழுங்கானவர் என்று எழுதிக் கொடுக்கிறார். அக்கடிதம் தபாற்செலவுக்கும் பெறாது. மாணவன் எந்த வினாவை எழுப்பினான், எந்த நூலோடு போராடினான், ஆய்வுக்கட்டுரையில் எங்கே இடறி எப்படி எழுந்தான் என்று எழுதப்பட்ட கடிதமே பேசும். இரண்டாம் ஆண்டிலேயே மாணவனைக் கைப்பிடித்த ஆசிரியராலன்றி அதனை எழுதமுடியாது.

பரீட்சைப் பெறுபேறு தாமதமாவது மற்றொரு கொடுமை. பொதுநலவாயப் பரிசிலின் விண்ணப்ப முடிவுத்திகதி வழக்கமாக ஆண்டின் இறுதிப் பகுதியிலே வரும். நம் பெறுபேறோ மாதங்கள் கழித்து வரும். தகுதியுள்ளவன் தகுதிப்பத்திரமின்றி ஓராண்டை இழக்கிறான். செவனிங் பரிசிலுக்கு இரண்டாண்டு வேலையனுபவம் வேண்டும், அதாவது 2,800 மணித்தியாலம். தொண்டர் வேலையும் பகுதிநேர வேலையும் அதிலே கணக்கிடப்படும் என்பதை யாரேனும் சொல்லியிருந்தால், மாணவப் பருவத்துக்குப் பின் வந்த ஒவ்வொரு மாதத்தையும் கணக்கில் வைத்திருப்பான். சொல்வாரில்லை.

ஆங்கிலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 1960இலே கலைப்பீடத்தில் தாய்மொழிமூலக் கல்வி தொடங்கியது. அது நம் உரிமை. அதனை இழிவாகப் பேசுவோரோடு நாம் ஒருபோதும் உடன்படோம். கிராமத்துப் பிள்ளைக்குப் பல்கலைக்கழகக் கதவைத் திறந்தது தாய்மொழியே. ஆனால் தாய்மொழியிற் சிந்திப்பவன் பிறமொழியில் எழுதப் பழகுவதற்கு நான்காண்டு போதாதா? வாரம் இரண்டு மணித்தியாலம், தன் துறைப் பொருளையே ஆங்கிலத்தில் எழுதவைத்து, ஒருவர் அமர்ந்து திருத்திக் கொடுத்தாற் போதும். பெயரளவிலே நடக்கும் இலக்கண வகுப்பால் அது ஆகாது. ஐயெல்ட்ஸ் பரீட்சைக்கான கட்டணமோ பல்லாயிரம் ரூபா. மகாபொல உதவிப் பணத்தை 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாக உயர்த்துவதாக 2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டம் அறிவித்தது. அப்பணம் அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்குமே காணாது. அதிலே மிச்சம் பிடித்துப் பரீட்சை எழுது என்பது, பட்டினி கிடப்பவனுக்கு விரதம் விதிப்பதாகும்.

இந்த வெறுமையிலே யார் புகுகிறார்கள்? முகவர்கள். பிரதான வீதியெங்கும் அவர்கள் பலகை தொங்குகிறது. தாயின் தாலிக்கொடி அடைவு போகிறது. வீட்டுக் காணி ஈடு வைக்கப்படுகிறது. பெயர் தெரியாத கல்லூரியொன்றிற் பணம் கட்டிப் பெற்ற இடத்துக்குப் 'புலமைப்பரிசில்' என்று பெயர் சூட்டப்படுகிறது. கட்டணத்தில் ஒரு பங்கு கழிவு கொடுப்பதை வணிகன் செய்வான். அதனைப் பரிசிலென்று நம்பி ஏமாறாதீர்கள். பொதுநலவாயப் பரிசிலுக்கோ செவனிங் பரிசிலுக்கோ விண்ணப்பிக்க ஒரு சதமும் கட்டவேண்டியதில்லை. கட்டச் சொல்பவன் உங்களை ஏமாற்றுகிறான்.

இனி, போனவர் திரும்பாமை. செவனிங் பெற்றவர் இரண்டாண்டேனும் தாய்நாடு திரும்பியிருத்தல் வேண்டுமென்பது விதி. புல்பிரைட் விசாவிலும் அத்தகைய விதியுண்டு. கல்வி விடுமுறையிற் செல்லும் விரிவுரையாளர் பல்கலைக்கழகத்தோடு பிணைமுறி எழுதுகிறார். விதிகள் இருந்தும் பலர் திரும்பவில்லை. 1983இன் தீயும் அதன்பின் வந்த நீண்ட போரும், 2022இன் பொருளாதார வீழ்ச்சியும் கண்டவர்களை நோக்கி, ஏன் வரவில்லை என்று கேட்க நமக்கு நாவெழவில்லை. தரப்படுத்தல் வந்த 1970களிலேயே, தகுதி இருந்தும் இடம் மறுக்கப்பட்டதால் இந்நாட்டின் மீது நம்பிக்கை இழந்தவர் ஆயிரமாயிரம். ஆகவே, போகாதே என்று எந்த மாணவனுக்கும் நாம் சொல்லோம். திரும்பி வருபவனுக்கு ஆய்வுகூடமும் நூலும் மரியாதையும் வைத்திராத அரசு, அவனுடைய நாட்டுப்பற்றைப் பரீட்சித்துப் பார்ப்பது வெட்கக்கேடு.

ஆனால் போனவர்களிடம் கேட்பதற்கு ஒன்றுண்டு. இலண்டனிலும் தொறொன்ரோவிலும் சிட்னியிலும் நம் பழைய மாணவர் சங்கங்கள் இயங்குகின்றன. பாடசாலைக்கு மண்டபமும் நுழைவாயிலும் கட்டிப் பெயர் பொறிக்கின்றனர். நல்லது, மழைக்கு மண்டபமும் வேண்டியதே. அந்த நுழைவாயிலின் செலவிலே பத்துப் பிள்ளைகள் ஐயெல்ட்ஸ் எழுதலாம். பணமுங்கூட இரண்டாவது. வாரத்திலே ஒரு மணித்தியாலம், ஒரு மாணவியின் ஆய்வு முன்மொழிவை வாசித்து, இவ்விடம் தெளிவில்லை, இந்தப் பேராசிரியருக்கு எழுது என்று சொல்லுங்கள். பெண்பிள்ளையை அனுப்பத் தயங்கும் தந்தைக்கு, அங்கே தங்குமிடம் எப்படி, துணைக்கு யார் உளர் என்று ஒருவர் பேசினால் எத்தனையோ வீடுகளில் முடிவு மாறும்.

பல்கலைக்கழக நிர்வாகத்திடம் நாம் கேட்பவை மிகையானவையல்ல. சிறப்புப் பட்டத்துக்குத் தெரிவான ஒவ்வொரு மாணவனும் அந்த ஆண்டிலேயே ஓர் ஆசிரியரின் பொறுப்பில் ஒப்படைக்கப்படல் வேண்டும். அது அவ்வாசிரியரின் வேலைப்பளுவிற் கணக்கிடப்படவும் வேண்டும். பரிசில்களின் முடிவுத்திகதிக்கு முன்னர் இறுதிப் பெறுபேறு வெளிவரல் வேண்டும். வராவிடின் தற்காலிகச் சான்றேனும் கேட்ட வாரத்திலே கொடுக்கப்படல் வேண்டும். இதற்குக் கோடி ரூபா தேவையில்லை. நம் பாராளுமன்ற உறுப்பினர்கள் மேடையில் முழங்கும் நேரத்திலே பத்து நிமிடத்தை உயர்கல்வி அமைச்சிலே செலவிட்டு, வெளிநாட்டுப் பரிசில்களுக்கு அமைச்சு கோரும் விண்ணப்பங்கள் தமிழிலும் உரிய காலத்தில் வெளியாகின்றனவா என்று கேட்டால், அதுவும் அரசியல்தான்.

இங்கு வந்திருக்கும் இரண்டாம், மூன்றாம் ஆண்டு மாணவர்கள் தத்தம் பெயரையும் துறையையும் வாயிலில் உள்ள தாளிலே எழுதிச் செல்லுங்கள். ஆய்வுசெய்ய விரும்பும் பொருளையும் ஒரு வரியில் எழுதுங்கள். எதுவும் தோன்றாவிடின் அவ்விடத்தை வெறுமையாக விடலாம். பெயரை மட்டும் விட்டுவிடாதீர்கள். இங்குள்ள விரிவுரையாளர்களுக்கு அருகிலே வேறொரு தாள் வைக்கப்பட்டிருக்கிறது.