திருப்பிக் கொடுக்கும் சூது

(சங்கத்தின் ஆண்டு விழாவில் செயற்குழுவின் சார்பில் நிகழ்த்திய உரை)



இயலும் இசையும் நாடகமும் கண்டு மகிழ வந்திருக்கும் உங்கள் முன், சூதாட்டத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். மங்கல நாளில் இப்பேச்சு எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். ஊரை விட்டு நெடுந்தொலைவு வந்து, குவார்ட்டர்ஸ் வரிசைகளில் அண்டை வீட்டாரையே உற்றாராகக் கொண்டு வாழும் நாம், ஆண்டிற்கு ஒருமுறைதான் இவ்வாறு குடும்பம் குடும்பமாகக் கூடுகிறோம். வீட்டுக் கவலையை வீட்டார் எல்லாரும் கூடிய நாளில் பேசாமல் வேறு எந்நாளில் பேசுவது?

நம் குடியிருப்பில் ஒரு வீடு. தெருவும் எண்ணும் வேண்டா. அவ்வீட்டு இளைஞர் ஷிப்டு வேலைக்குச் செல்பவர்; புகை, மது என்னும் பழக்கம் அறியாதவர். இரவுப் பணி முடிந்து உறக்கம் வராத ஒரு காலையில், கைப்பேசியில் வந்த விளம்பரத்தைக் கண்டு ஐந்நூறு ரூபாயுடன் ஆன்லைன் காசினோவில் இறங்கினார். அந்த வாரத்தில் எட்டாயிரம் போயிற்று. மனம் கசந்து, இனி இப்பக்கம் திரும்புவதில்லை என்று உறுதி செய்துகொண்டார். திங்கட்கிழமை காலையில் ஒரு செய்தி வந்தது: ‘உங்கள் இழப்பில் பத்து விழுக்காடு கேஷ்பேக், எண்ணூறு ரூபாய் உங்கள் கணக்கில் காத்திருக்கிறது.’ அவர் எங்களிடம் சொன்ன சொல் இது: “அந்த எண்ணூறு வந்திராவிட்டால் அன்றோடு விட்டிருப்பேன், ஐயா.” ஏழு மாதத்தில் மூன்று இலட்சத்து நாற்பதாயிரம் கரைந்தது. அதில் பெரும்பகுதி, தங்கையின் திருமணத்திற்கென்று தந்தையார் தம் சேமநல நிதியிலிருந்து எடுத்து வைத்த பணம். தையில் நடக்கவேண்டிய மணம் தள்ளிப்போயிற்று. அவருடைய இசைவு பெற்றே இதைக் கூறுகிறோம். “பெயரைத் தவிர எல்லாவற்றையும் சொல்லுங்கள்” என்பது அவருடைய வேண்டுகோள்.

ஆகவே, இந்தக் கேஷ்பேக் என்பது யாது என்று ஆராய்வோம். கடையில் பொருள் வாங்கினால் விலையில் ஒரு பகுதியைத் திருப்பித் தருவதுண்டு. அங்கே பொருள் நம் கையில் இருக்கிறது. காசினோவிலோ, நாம் இழந்த பணத்தில் ஒரு துளியை நமக்கே பரிசு என்று பெயரிட்டுத் தருகிறார்கள். அதற்கும் பல நிபந்தனைகள் உண்டு.

முதலாவது, அது ‘நிகர இழப்பின்’ மேல் கணக்கிடப்படும். ஒருநாள் ஐயாயிரம் இழந்து, மறுநாள் நாலாயிரம் வென்றால், இழப்பு ஆயிரம் என்றே கொள்வார்கள். திரும்புவது நூறு ரூபாய். இரண்டாவது, எவ்வளவு இழந்தாலும் இன்ன தொகைக்கு மேல் திரும்பாது என்னும் உச்சவரம்பு இருக்கும். மூன்றாவது, குறித்த நாட்களுக்குள் பயன்படுத்தாவிட்டால் மறைந்துவிடும். நான்காவதுதான் மிகவும் நுட்பமானது. பெரும்பாலான இடங்களில் அந்த நூறு ரூபாய், பணமாக வருவதில்லை. ‘போனஸ்’ என்ற பெயரில் வருகிறது. அதனை முப்பது மடங்கு பந்தயம் வைத்து ஆடி முடித்த பிறகே பணமாக எடுக்கலாம் என்பது போன்ற விதி இருக்கும். நூறு ரூபாயை எடுக்க மூவாயிரம் ரூபாய்க்குப் பந்தயம் ஆடவேண்டும்!

இங்கே பள்ளிக்கூடக் கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்ப்போம். ரூலெட் என்னும் சுழல்சக்கரத்தில், ஐரோப்பிய முறைப்படி, பூஜ்யம் முதல் 36 வரை 37 அறைகள் உள்ளன. அவற்றுள் 18 சிவப்பு, 18 கறுப்பு, பூஜ்யம் பச்சை. சிவப்பின் மேல் நூறு ரூபாய் வீதம் 37 முறை வைத்தால், சராசரியாக 18 முறை வெற்றி, 19 முறை தோல்வி. வைத்த 3,700 ரூபாயில் நூறு ரூபாய் நட்டம், அதாவது 2.7 விழுக்காடு. அமெரிக்க முறையில் இரட்டைப் பூஜ்யமும் சேர்ந்து 38 அறைகள், நட்டம் 5.26 விழுக்காடு. எந்த ஏமாற்றும் இல்லாமல், நேர்மையாகச் சுழலும் சக்கரத்திலேயே இந்நிலை. சூதாடியின் திறமையோ இராசியோ இந்த ஒரு பச்சை அறையை மாற்றுவதற்கில்லை.

மேற்கண்ட நூறு ரூபாய்க்கு வருவோம். மூவாயிரம் ரூபாய்ப் பந்தயத்தில் 2.7 விழுக்காடு என்றால் 81 ரூபாய் போகும். மீதி 19 ரூபாய். ஆனால் ரூலெட் போன்ற ஆட்டங்களை இந்த நிபந்தனைக்குக் கணக்கில் சேர்க்காமலோ, சிறு பகுதியாக மட்டும் சேர்த்தோ விதி வகுப்பது வழக்கம். ஸ்லாட் என்னும் பொறியாட்டத்தையே ஆடச் செய்வார்கள். அதில் நட்டம் ஐந்து விழுக்காடு என்று கொண்டால், மூவாயிரத்திற்கு 150 ரூபாய். நூறு ரூபாயை எடுப்பதற்கு நூற்றைம்பது ரூபாய் செலவு! நிபந்தனை நிறைவேறும் முன்பே போனஸ் கரைந்துபோக, கைப்பணத்தையும் எடுத்து வைப்பவரே பலர்.

வேகம் என்னும் இன்னொன்றும் உண்டு. கைப்பேசியில் ஆறு விநாடிக்கு ஒரு சுற்று ஆடினால் மணிக்கு 600 சுற்று. சுற்றுக்குப் பத்தே ரூபாய் என்றாலும் மணிக்கு ஆறாயிரம் ரூபாய் பந்தயத்தில் புரள்கிறது. ஐந்து விழுக்காட்டில் 300 ரூபாய் நட்டம். “பத்து ரூபாய்தானே” என்று தொடங்கியவர் தம் ஒருநாள் ஊதியத்தைச் சில மணி நேரத்தில் இழப்பதன் காரணம் இதுவே.

நம் முன்னோர் இதனை அறியாதவர்கள் அல்லர். வள்ளுவர் தம் நூலின் 94-ஆம் அதிகாரம் முழுவதையும் சூதிற்கே ஒதுக்கினார். சூதில் வந்த வெற்றியைத் தூண்டில் இரும்பை இரையென்று மீன் விழுங்கியதற்கு ஒப்பிட்டார். வியாச பாரதத்தைப் பாருங்கள். முதல் ஆட்டத்தில் தருமன் நாடும் தம்பியரும் தானும் துணைவியும் என யாவற்றையும் தோற்றான். பாஞ்சாலிக்கு அளித்த வரங்களின் பின், திருதராட்டிரன் இழந்ததனைத்தையும் திருப்பிக் கொடுத்து அனுப்பினான். பாண்டவர் ஊர் திரும்பும் வழியிலேயே மீண்டும் அழைப்பு வந்தது. தருமன் திரும்பிச் சென்றான். பன்னிரண்டு ஆண்டு வனவாசமும் ஓராண்டு அஞ்ஞாதவாசமும் அந்த இரண்டாம் ஆட்டத்தின் விளைவே. நூற்றுக்கு நூறு திரும்பப் பெற்ற அறவோனுக்கே இக்கதி என்றால், நூற்றுக்குப் பத்தைப் பெறும் நம் பிள்ளைகள் எம்மாத்திரம்?

சட்டத்தின் நிலையையும் அறிந்துகொள்வது நன்று. தமிழ்நாட்டில் 2022-ஆம் ஆண்டுச் சட்டம் ஆன்லைன் சூதாட்டத்தைத் தடை செய்தது. பின்னர், நாடாளுமன்றம் இயற்றிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டம் 2025 ஆகஸ்டு 22-இல் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. திறமையாட்டம், அதிர்ஷ்ட ஆட்டம் என்ற வேறுபாடின்றி, பணம் கட்டிப் பணம் வெல்லும் ஆன்லைன் ஆட்டங்களை நடத்துவதை அது குற்றமாக்குகிறது. நடத்துவோருக்கு மூன்றாண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். விளம்பரம் செய்வோருக்கு இரண்டாண்டு வரை சிறை, ஐம்பது இலட்சம் வரை அபராதம். ஆடியவரைத் தண்டிப்பது அச்சட்டத்தின் நோக்கமன்று. எனினும் வெளிநாட்டிலிருந்து இயங்கும் தளங்கள் பெயரை மாற்றிக்கொண்டு கைப்பேசிக்கு வலை வீசுகின்றன. அங்கே பணம் சிக்கினால் முறையிட இங்கே வாசல் இல்லை.

“பொறுப்புடன் ஆடுங்கள்” என்று விளம்பரத்தின் அடியில் சிற்றெழுத்தில் அச்சிடுகிறார்களே, அதன் பொருள் என்ன? ஆன்லைன் பணச்சூதைப் பொறுத்தவரை, தொடாதிருப்பதே நமக்குப் பொறுப்பு. விடுமுறையில் கோவா செல்லும் நண்பர்கள் அங்கு உரிமம் பெற்ற காசினோவை எட்டிப் பார்க்க விரும்பினால், அதை நாடகக் கொட்டகைச் செலவைப் போலக் கொள்க. போனால் திரும்பாது என்ற தொகையை மட்டும் சட்டைப்பையில் வைத்து, வங்கி அட்டையை அறையிலேயே விட்டுச் செல்க. நேரம் குறித்துக்கொள்க. இழந்ததை மீட்க ஆடற்க. கடன் வாங்கி ஆடற்க. இலவசம் என்றும் கேஷ்பேக் என்றும் வருவதை வரவாக எண்ணற்க.

விட முடியாமல் தவிப்பவரைக் கெட்டவர் என்று ஒதுக்குவதும் தவறு. உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில், 2022 சனவரி முதல் நடைமுறையில் உள்ள பதினோராம் பதிப்பு, சூதாட்டக் கோளாறு என்பதை அடிமைப்படுத்தும் பழக்கங்களின் வரிசையில் வைத்திருக்கிறது. நோய்க்கு மருத்துவம் உண்டு. அரசின் டெலிமானஸ் உதவி எண் 14416. இரவும் பகலும் கட்டணமின்றித் தமிழிலும் பேசலாம். பண மோசடி நிகழ்ந்தால் உடனே 1930-க்குத் தெரிவிக்கலாம்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. மகனின் கடனை மறைவாக அடைத்து, “அப்பாவிடம் சொல்லாதே” என்று நகையை அடகு வைப்பது அன்பினால் செய்யும் செயலே. ஆனால் சூதாடியின் கையில் ரொக்கம் சேர்வது நெருப்பில் நெய் வார்ப்பது போன்றது. கடனைக் கொடுத்தவருக்கு நேரே கட்டுங்கள். வங்கிக் கணக்கைச் சிலகாலம் இருவர் பார்வையில் வையுங்கள். கைப்பேசிவழிப் பணம் அனுப்பும் வரம்பைக் குறைக்கச் செய்யுங்கள்.

சங்கமும் தன் குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். தீபாவளி இரவில் சீட்டாடுவது இவ்வூரார் வழக்கம் என்று சொல்லி, நம் மன்றத்திலும் காசு வைத்துச் சீட்டாடினோம். பிள்ளைகள் நம் தோளுக்குப் பின்னால் நின்று வேடிக்கை பார்த்தார்கள். இவ்வாண்டு முதல் அந்த மேசைக்குக் காசு வாராது. இன்று மாலை நடைபெறும் தம்போலாவிற்கும் சீட்டுக் கட்டணம் இல்லை, பரிசு புத்தகங்களே.

முன்னே சொன்ன இளைஞர் மாதந்தோறும் ஒன்பதாயிரம் ரூபாயைத் தந்தையிடம் கொடுத்து வருகிறார். தங்கை அவருடன் முன்போலவே பேசுகிறாள்; மணம் அடுத்த தையில் நடக்கும் என்று நம்புகிறோம். அந்தப் பந்தலில் நாம் அனைவரும் இருப்போம். இப்போது இந்த அரங்கிலேயே அமர்ந்து, யாரிடமும் சொல்ல இயலாமல் உள்ளே வெந்துகொண்டிருப்பவர் எவரேனும் இருந்தால், அவருக்குச் சொல்கிறோம்: திங்கட்கிழமைச் செய்தி வரும் வரை காத்திராதீர்கள். இன்றிரவே வீட்டில் சொல்லிவிடுங்கள். வீட்டில் சொல்ல நா எழாவிட்டால், சங்கத்தின் கதவைத் தட்டுங்கள்.