திரும்பி வருவதற்கு ஓர் இடம்

(நூற்றாண்டு விழாவில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



மாறிவரும் காலநிலை பற்றிப் பேசும்படி கேட்டார்கள். முப்பது வருடம் உயிரியல் படிப்பித்தவள் நான். பாடமாகிவிடுமோ என்ற பயத்தில், எங்கள் ஊர்க் கடலையும் கரையையும் மட்டுமே எடுத்துக்கொள்கிறேன்.

அடி வாங்குவது மன்னாருக்குப் புதிதல்ல. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. தலைமன்னாரிலிருந்து அங்கு போன கப்பலும் அத்தோடு நின்றது. கடலுக்குள்ளும் இப்படித்தான். 1902இல் முத்துச் சிப்பிகளை ஆராய வந்த பேராசிரியர் ஹேர்ட்மன், பெரிய பாரில் குஞ்சுச் சிப்பிகள் ஏராளமாகப் படிவதையும், தென்மேல் பருவக்காற்றுக் காலத்து நீரோட்டம் அவற்றை வாரிக்கொண்டு போவதையும் எழுதிவைத்தார். போன இடத்தில் மறுபடியும் குஞ்சுகள் வந்து படியும். இயற்கைக்கு இழப்பதும் தெரியும், மீள்வதும் தெரியும்.

ஆனால் மீள்வதற்கு இரண்டு வேண்டும். ஒன்று, காலம். 1998இல் கடல் நீர் அளவுக்கு மீறிச் சூடானது. முருகைகளின் உடலுக்குள் வாழ்ந்து அவற்றுக்கு உணவூட்டும் நுண்ணிய பாசிகள் வெளியேறின, முருகைகள் வெளிறின. கற்பிட்டிக்கு வெளியே உள்ள முருகைக்கற்பாரின் ஆழம் குறைந்த பகுதியில் அனேகமாக எல்லாமே செத்துப்போயின. அடுத்த பத்து வருடங்களில் அங்கு புதியவை செழித்து வளர்ந்ததைக் கண்டு ஆய்வாளர்கள் மகிழ்ந்தார்கள். 2016இல் மீண்டும் சூடு, மீண்டும் சாவு. ஒரு நோயாளி எழுந்து உட்காரும் முன்னரே அடுத்த காய்ச்சல் வந்தால் எப்படி? காலநிலை மாற்றம் செய்வது இதைத்தான்: அடிகளுக்கு இடையே உள்ள ஆறுதல் காலத்தைக் குறைக்கிறது.

மற்றது, இடம். கடல்மட்டம் மெல்ல உயரும்போது கண்டல்கள் சும்மா நிற்பதில்லை. வேர்களிடையே சேற்றைப் பிடித்துவைத்துத் தரையை உயர்த்தும்; முடியாவிட்டால் விதைகள் மேட்டுப் பக்கமாகப் போய் முளைக்கும். அந்த மேட்டுப் பக்கத்தில் இறால் பண்ணையோ மதிலோ நிரப்பிய காணியோ இருந்தால்? முன்னால் கடல், பின்னால் சுவர். காடு நடுவில் நெரிந்து சாகும். அதோடு இறால் குஞ்சும் மீன் குஞ்சும் வளரும் தொட்டில் போய்விடும். புயலலையின் வேகத்தைத் தணிக்கும் வேலியும் போய்விடும்.

இந்த இடங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லாமலில்லை. பூநாரைகள் வந்திறங்கும் வங்காலைச் சரணாலயம் 2010இல் ராம்சார் ஈரநிலமாக ஏற்கப்பட்டது. விடத்தல்தீவு 2016இல் இயற்கை ஒதுக்கிடமானது. எட்டு வருடம் கழித்து, நீருயிர் வளர்ப்புக்கென அதில் ஒரு பகுதியை விலக்கி வர்த்தமானி வெளியானது. வழக்குப் போட்டுத்தான் அதற்கு இடைக்காலத் தடை வாங்க வேண்டியிருந்தது. வர்த்தமானி தருவதை இன்னொரு வர்த்தமானி எடுத்துவிடலாம்.

சகோதரிகளே, இந்த மண்டபத்தில் 1990ஐ மறந்தவர்கள் யாரும் இல்லை. தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் ஆளுக்கொரு திசையில் போனோம். சிலர் மடுவுக்கு, சிலர் புத்தளத்துக்கு, சிலர் வள்ளமேறி இந்தியாவுக்கு. திரும்பி வந்தவர்களுக்குத் தெரியும்: மனதில் ஆசை இருந்தால் மட்டும் போதாது, காலூன்ற ஒரு துண்டு நிலம் இருக்க வேண்டும். கண்டல் விதைக்கும் பூநாரைக்கும் அதுவே நியாயம்.

கடலின் சூட்டை நாங்கள் தனியே குறைக்க முடியாது. இடம் விடுவது எங்கள் கையில் இருக்கிறது. லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கும் உங்களில் பலருக்கு இங்கே கரையோரக் காணிகள் உண்டு. "பள்ளக் காணி, மண் போட்டு நிரப்பினால் நல்ல விலை போகும்" என்று யாராவது தொலைபேசியில் சொன்னால், ஒரு நாள் பொறுத்துப் பதில் சொல்லுங்கள். அந்தப் பள்ளத்தில் மாரிக்கு எந்தத் தண்ணீர் வந்து தங்குகிறது, ஓரத்தில் கண்ணா நிற்கிறதா என்று கேளுங்கள். நின்றால், விட்டுவிடுங்கள்.

அடுத்த நூற்றாண்டுப் பிள்ளைகள் திரும்பி வரும்போது, அவர்களை வரவேற்கக் கரை இருக்கட்டும்.