ஆராய்ச்சிக்கூடம் ஊருக்கு வந்தால் நாம் கேட்க வேண்டியவை

(புதுச்சேரியில் நடந்த மகளிர் சுய உதவிக் குழுக் கூட்டமைப்புக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



சேமிப்பு, உள்கடன், வசூல் என்று பேசிப் பழகின நம்ம கூட்டத்தில் இன்றைக்கு ஆராய்ச்சிக்கூடம் பற்றிப் பேசப் போகிறோம். "அது படிச்சவங்க விஷயமாச்சே, நமக்கு எதுக்கு?" என்று கேட்பீர்கள். நம்மில் பல பேர் குழுக் கடனில் கறவை மாடு வாங்கியிருக்கிறோம். அந்த மாடு குடிக்கிற தண்ணியும் மேய்கிற இடமும் நல்லா இருந்தாத்தான் தவணை கட்ட முடியும். அதனால் இது நம்ம விஷயம்தான்.

ஆராய்ச்சிக்கு நாம் எதிரி இல்லை. குரும்பாபேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. இந்திரா நகரில் கொசு ஆராய்ச்சி செய்யும் வி.சி.ஆர்.சி. இருக்கிறது. மாட்டுக்குப் போடுகிற கோமாரித் தடுப்பூசியும் ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் பிறந்ததுதான். ஆனால் மதில் சுவருக்குள் நடக்கிற வேலை எல்லாம் உள்ளேயே நின்றுவிடாது. கழிவுத் தண்ணி வெளியே வரும். குப்பை வெளியே வரும். வண்டியும் ஆளும் தினம் போய் வருவார்கள்.

இங்கிலாந்தில் பிர்பிரைட் என்று ஒரு ஊர். கால்நடை நோய் ஆராய்ச்சிக்கூடமும் தடுப்பூசி தயாரிக்கும் கம்பெனியும் அங்கே ஒரே வளாகத்தில் இருந்தன. 2007 ஆகஸ்டு மாதம் பக்கத்துப் பண்ணை மாடுகளுக்குக் கோமாரி வந்தது. விசாரித்துப் பார்த்ததில், பழைய கழிவுநீர்க் குழாய் கசிந்து கிருமி மண்ணில் கலந்திருக்க வேண்டும். அந்த மண் கட்டட வேலைக்கு வந்த லாரிச் சக்கரங்களில் ஒட்டி வெளியே போயிருக்க வேண்டும் என்று தெரிந்தது. அந்த வருடம் பெய்த பலத்த மழையும் சேர்ந்துகொண்டது. குழாயைச் சரிசெய்ய யார் பணம் கொடுப்பது என்ற இழுபறியில் வேலை தள்ளிப்போய்க்கொண்டே இருந்திருக்கிறது. நோய் பரவாமல் தடுக்க இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கால்நடைகளைக் கொன்றார்கள். அவ்வளவு பெரிய விஞ்ஞானிகள் இருந்த இடம், கோட்டை விட்டது சாக்கடைக் குழாயில்!

முன்கூட்டியே கேட்டால் என்ன பலன் என்பதற்கும் ஒரு உதாரணம் சொல்கிறோம். அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்தில், மாடுகள் நிறைந்த பகுதியில், ஒரு பெரிய கால்நடை நோய் ஆராய்ச்சிக்கூடம் கட்டத் திட்டமிட்டார்கள். அரசு தயாரித்த மதிப்பீட்டை 2010-ல் ஒரு நிபுணர் குழு பரிசோதித்தது. அந்தக் கணக்குப்படியே பார்த்தால், 50 வருடத்தில் கோமாரிக் கிருமி வெளியேறி நோய் பரவ ஏறக்குறைய 70 சதவீத வாய்ப்பு இருக்கிறது என்று அந்தக் குழு எடுத்துக் காட்டியது. அதன்பிறகு வடிவமைப்பை மாற்றிப் பாதுகாப்பைக் கூட்டினார்கள். சுவர் எழும்புவதற்கு முன்னால் கேட்ட கேள்வி என்பதால் மாற்ற முடிந்தது.

நம்ம நாட்டுக் கதைக்கு வருவோம். 1970-களின் தொடக்கத்தில் உலக சுகாதார நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து டில்லியில் ஒரு ஆராய்ச்சி நடத்தின. மலட்டு ஆண் கொசுக்களை ஊருக்குள் விட்டுக் கொசு இனத்தைக் குறைப்பது திட்டம். அரியானாவில் சோனிப்பத் நகரத்தில் பெரிய அளவில் விட ஏற்பாடு நடந்தது. அதற்குள் "இது ஆயுத ஆராய்ச்சியோ?" என்ற சந்தேகம் பத்திரிகைகளில் கிளம்பி, பாராளுமன்றக் குழு வரைக்கும் போனது. 1975-ல் வேலை நின்றுபோனது. மக்களிடம் முதலிலேயே விளக்கமாகச் சொல்லாத இடத்தில் சந்தேகம்தான் முளைக்கும். அதே 1975-ல்தான் நம்ம புதுச்சேரியில் வி.சி.ஆர்.சி. தொடங்கியது.

அந்த வி.சி.ஆர்.சி. 2022-ல் ஒரு செய்தி சொன்னது. பல பூச்சிகளின் உடம்பில் இயற்கையாகவே இருக்கும் வொல்பாக்கியா என்ற பாக்டீரியாவை டெங்குக் கொசுவுக்குள் ஏற்றி வளர்த்திருக்கிறார்கள். அந்தக் கொசுவால் டெங்குவைப் பரப்புவது கஷ்டம். இந்தோனேசியாவில் யோக்யகர்த்தா நகரத்தில் இந்த முறையில் டெங்கு 77 சதவீதம் குறைந்ததாக 2021-ல் முடிவு வெளியானது. நல்ல செய்திதான். ஆனாலும் வெளியே விட அரசு அனுமதி வேண்டும். அத்தோடு, இந்த முறையில் பெண் கொசுவையும் விட வேண்டியிருக்கும். பெண் கொசு கடிக்கும். "எத்தனை நாளைக்கு? குழந்தைக்கு ஏதும் ஆகுமா?" என்று கேட்கப் போவது நம்மைப் போன்ற அம்மாக்கள்தான். பதிலும் நமக்கு முதலில் கிடைக்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது? 2006-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, 20,000 சதுர மீட்டருக்கு மேல் கட்டடம் கட்டினால் முன் அனுமதி வாங்க வேண்டும். ஆனால் கட்டடத் திட்டங்களுக்கு மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் கட்டாயம் இல்லை. ஆகவே தண்டோரா போட்டுக் கூப்பிடுவார்கள் என்று காத்திருக்க வேண்டாம். மரபணு மாற்றிய உயிர்களுக்கு 1989-ஆம் ஆண்டு விதிகள் இருக்கின்றன. அவற்றின்படி மாவட்ட அளவிலான குழுவுக்குக் கலெக்டர்தான் தலைவர். ஊசி, கிருமிக் கழிவுகளுக்கு 2016-ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு விதிகள் உண்டு. கால்நடை நிலையங்களுக்கும் அவை பொருந்தும். 2005-ஆம் ஆண்டு தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும். மாசுக் கட்டுப்பாட்டுக் குழுமத்துக்கும் எழுதிக் கேட்கலாம்.

கேட்க வேண்டிய கேள்விகள் இவை:

1. உள்ளே என்ன கிருமி, என்ன விதை, என்ன பிராணி வைத்து ஆராய்ச்சி?
2. ஒரு நாளைக்கு எவ்வளவு நிலத்தடி நீர் எடுப்பீர்கள்? கழிவுநீர் எங்கே போகும்? குழாயை யார், எப்போது பரிசோதிப்பார்கள்?
3. செத்த பிராணியையும் ஊசியையும் என்ன செய்வீர்கள்?
4. மேய்ச்சல் நிலம், வயல் பாதை, சுடுகாட்டுப் பாதை ஏதாவது அடைபடுமா?
5. நம்ம பெண்களுக்கு என்ன வேலை, என்ன கூலி, என்ன பாதுகாப்பு? குத்தகை நிலத்தில் கூலி வேலை போனவர்களுக்கு என்ன வழி?
6. ஏதாவது தப்பு நடந்தால் ராத்திரி நேரத்தில் யாரைக் கூப்பிடுவது? மாடு செத்தால் நஷ்டஈடு யார் தருவார்கள்?

இன்னொரு வேலையும் இருக்கிறது. அதை நாம்தான் செய்ய வேண்டும். "எங்க கிணறு முன்ன நல்லா இருந்துச்சு" என்று வாய் வார்த்தையாகச் சொன்னால் அதிகாரி ஏற்க மாட்டார். இன்றைய நிலைமையை இன்றைக்கே எழுதி வைத்தால்தான் நாளைக்கு மாறினது தெரியும். கணக்கு எழுத நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. குழு நோட்டில் தனியாக நாலு பக்கம் ஒதுக்குங்கள். எந்தக் கிணற்றில், எந்த போரில் எத்தனை அடியில் தண்ணி, ருசி எப்படி. எத்தனை மாடு, எத்தனை ஆடு, தினம் எவ்வளவு பால். எப்போது தடுப்பூசி போட்டது. யார் வீட்டில் என்ன காய்ச்சல் என்று தேதி போட்டு எழுதுங்கள். மூணு மாசத்துக்கு ஒருமுறை திரும்ப எழுதி, எல்லாரும் கையெழுத்துப் போடுங்கள்.

பக்கத்தில் ஆராய்ச்சிக்கூடம் வராவிட்டாலும் இந்த நோட்டு வீண் போகாது. கம்பெனி வந்தாலும், இறால் பண்ணை வந்தாலும், ரோடு வந்தாலும் உதவும். அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு குழுவும் அந்த நாலு பக்கத்தைக் கொண்டு வாருங்கள். சேர்த்து வைத்துப் பார்ப்போம்.