பிடி அரிசியும் அம்மாவின் தட்டும்



இன்று நாம் அடுப்படிக்குள் நுழைகிறோம். பங்கு இல்லத்தில் யாரோ சமைத்து வைப்பதைச் சாப்பிடும் சாமியாருக்கு அடுப்படியைப் பற்றி என்ன தெரியும் என்று தாய்மார்கள் சிரிக்கலாம். சிரிக்கட்டும். ஆண்டவர் இயேசுவே மாவில் கலந்த புளிப்பு மாவையும், உவர்ப்பற்றுப் போன உப்பையும் காட்டித்தானே விண்ணரசைப் பற்றிப் பேசினார்!

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இருக்கிற ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கும், ஆற்றுக்கு இந்தப் பக்கம் இருக்கிற நமக்கும் சிக்கனம் புதிதல்ல. வாழை நம் மண்ணின் பயிர். தேசிய வாழை ஆராய்ச்சி மையம் 1993-இல் நம் திருச்சியில்தான் தொடங்கப்பட்டது. ஆனால் அதற்கு வெகுகாலம் முன்பே நம் பாட்டிமார் வாழையில் எதையும் வீணாக்காமல் வாழ்ந்தார்கள். காய் பொரியல், காயின் தோல் துவையல், பூ வடை, தண்டு கூட்டு, இலை சாப்பிடுவதற்கு, சாப்பிட்டு முடித்த இலை மாட்டுக்கு, நார் பூத்தொடுக்க. அரிசி களைந்த கழுநீர் தொட்டிக்குப் போகும். வடித்த கஞ்சி உறையூர்க் கைத்தறிச் சேலைக்கு விறைப்பு கொடுக்கும். மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தால் விடியற்காலையில் நீராகாரம். இதையெல்லாம் அவர்கள் சிக்கனம் என்று பெயர் சொல்லிச் செய்யவில்லை. அதுதான் சமையல்.

இன்றைய நிலை வேறு. ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு 2024-இல் வெளியிட்ட அறிக்கை, இந்திய வீடுகளில் ஆள் ஒன்றுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 55 கிலோ உணவு வீணாவதாக மதிப்பிடுகிறது. நான்கு பேர் உள்ள வீடு என்றால் 220 கிலோ. காந்தி மார்க்கெட்டில் பேரம் பேசி ஐந்து ரூபாய் குறைத்து வாங்கி வந்த கத்தரிக்காய், ஃப்ரிட்ஜின் அடித்தட்டில் வாடிக் குப்பைக்குப் போனால் அந்தப் பேரத்தால் என்ன பயன்? உணவை எறிவது ஏழையின் பந்தியிலிருந்து திருடுவதற்குச் சமம் என்ற பொருளில் திருத்தந்தை பிரான்சிஸ் பேசியிருக்கிறார். 2015-இல் அவர் எழுதிய ‘இறைவா உமக்கே புகழ்’ சுற்றுமடலில், சாப்பிடக்கூடிய அளவுக்கு மட்டும் சமைப்பதையும் படைப்பைக் காக்கும் சின்னச் செயல்களில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறார். உலகத் திருஅவைக்கு எழுதிய மடலில் நம் வீட்டுச் சோற்றுப்பானைக்கும் ஓர் இடம்!

எரிவாயுவிலும் இதே கதைதான். தண்ணீர் ஒருமுறை கொதித்துவிட்டால், அதற்குமேல் தீயை எவ்வளவு கூட்டினாலும் அதன் சூடு ஏறுவதில்லை; ஆவிதான் அதிகமாகப் போகும், சோறு முன்கூட்டி வேகாது. கொதி வந்ததும் தீயைக் குறைத்து மூடி போடுவது, பருப்பை முன்னதாக ஊறவைப்பது, பாத்திரத்தின் அடியைத் தாண்டித் தீ பக்கவாட்டில் ஏறாமல் பார்த்துக்கொள்வது, இவ்வளவு செய்தாலே 14.2 கிலோ சிலிண்டர் இன்னும் சில நாட்கள் தாங்கும். இதைத் தாய்மார்களுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. எப்போதாவது அடுப்புப் பக்கம் வந்து தீயை முழுதாகத் திருகிவிட்டுச் செய்தித்தாள் படிக்கப் போகிற ஆண்களுக்காகச் சொல்கிறோம்.

சிக்கனம் என்ற பெயரில் செய்யக்கூடாததும் உண்டு. பலகாரம் சுட்ட எண்ணெயையே திரும்பத் திரும்பக் காய்ச்சுவது அப்படிப்பட்டது. எண்ணெய் திரும்பத் திரும்பக் காயும்போது கெட்ட பொருட்கள் சேருகின்றன என்பதால்தான் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 முதல் கடைகளுக்கு அதில் ஒரு வரம்பு வைத்திருக்கிறது. அதில் மிச்சமாகும் காசு பிறகு மருந்துக் கடைக்குத்தான் போகும்.

இதைவிட மோசமான ஒரு சிக்கனம் இருக்கிறது. அதைப் பற்றிப் பேசத்தான் இவ்வளவும் சொன்னோம்.

நம் வீடுகளில் கடைசியாகச் சாப்பிடுகிறவர் யார்? கணவருக்கும் பிள்ளைகளுக்கும் மாமியாருக்கும் பரிமாறிவிட்டு, சட்டியில் ஒட்டியிருப்பதை வழித்துச் சாப்பிடுகிறவர் யார்? மீன் குழம்பு வைத்த அன்று மீன் இல்லாத குழம்பு யாருக்கு? “எனக்குப் பசியில்லை, ரசம் போதும்” என்று சொல்வது யாருடைய வாய்? விலைவாசி ஏறும்போது வீட்டில் முதலில் குறைவது அம்மாவின் சாப்பாடு. அதைத் தியாகம் என்று புகழ்ந்து அன்னையர் தினத்தில் ஒரு சேலையும் எடுத்துக் கொடுத்துவிடுகிறோம். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53 விழுக்காட்டினருக்கு இரத்தச்சோகை. இதற்குக் காரணங்கள் பல. ஆனால் வழித்தெடுத்த சட்டியில் இரும்புச்சத்தைத் தேட முடியாது.

சாரிபாத்து ஊர்க் கைம்பெண்ணை நினைத்துப் பார்ப்போம். பஞ்ச காலம். பானையில் ஒரு கைப்பிடி மாவு, கலயத்தில் கொஞ்சம் எண்ணெய். அப்பம் சுட்டு, தானும் மகனும் தின்றுவிட்டுச் சாகலாம் என்று விறகு பொறுக்கிக்கொண்டிருந்தவளிடம் இறைவாக்கினர் எலியா முதலில் தனக்கு ஒரு சிறு அப்பம் கேட்கிறார். நாமாக இருந்தால் கோபம் வந்திருக்கும். அவள் கொடுத்தாள், மாவும் தீரவில்லை, எண்ணெயும் குறையவில்லை. நாம் இதைத் தாராள குணத்துக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லிவிட்டு அடுத்த பகுதிக்குப் போய்விடுகிறோம். அரசர்கள் முதல் நூலின் 17-ஆம் அதிகாரத்தை இன்று மாலை நிதானமாக எடுத்து வாசியுங்கள். அவளும் பல நாள் சாப்பிட்டாள் என்று அங்கே எழுதியிருக்கிறது. எலியா சாப்பிட்டார், அவள் வீட்டார் சாப்பிட்டார்கள், அவளும் சாப்பிட்டாள். இறைவன் செய்த புதுமையில் அவளுடைய தட்டு காலியாக இல்லை.

அந்தக் கைப்பிடியை நம் நாட்டில் பலரும் அறிந்திருக்கிறார்கள். காஞ்சிப் பெரியவர் பிடி அரிசித் திட்டத்தை ஊக்குவித்தது நம் இந்து சகோதரர்களுக்குத் தெரியும். மிசோரமில் பிரஸ்பிட்டேரியன் சபைப் பெண்கள் 1910-இல் தொடங்கிய பழக்கம் இன்றும் நடக்கிறது. ஒவ்வொரு முறை உலை வைக்கும்போதும் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைப்பார்கள். சபைப் பெண்கள் வீடுவீடாக அதைச் சேகரித்து விற்கிறார்கள். ஏழை மலைநாட்டில் தொடங்கிய அந்தக் கைப்பிடி இன்று ஆண்டுக்குக் கோடிக்கணக்கான ரூபாயாக இறைப்பணிக்குப் பயன்படுகிறது.

இதில் கவனிக்க வேண்டியது, அந்தப் பிடி எப்போது எடுக்கப்படுகிறது என்பது. சமைப்பதற்கு முன்னால்! சாப்பிட்டு மிஞ்சியதிலிருந்து எடுத்தால், அது கடைசியாகச் சாப்பிடுகிறவரின் பங்கிலிருந்துதான் போகும். உலையில் போடுமுன் எடுத்தால், அந்தக் குறைவை வீட்டில் எல்லாரும் கொஞ்சம் கொஞ்சமாகப் பகிர்ந்துகொள்கிறோம். ஒருவருக்கும் அது தெரியக்கூடத் தெரியாது.

தவக்காலம் வரப்போகிறது. திருநீற்றுப் புதனன்று ஒரு தூக்குவாளியை அடுப்படியில் வைப்போம். ஒரு பிடி ஏறக்குறைய 50 கிராம். தினமும் ஒரு பிடி என்றால் 40 நாளில் இரண்டு கிலோ. ஒரு பங்கில் 300 குடும்பங்கள் செய்தால் 600 கிலோ. பெரிய வியாழன் மாலைத் திருப்பலியில் ஏழைகளுக்கான காணிக்கையைப் பவனியாகக் கொண்டுவரலாம் என்று திருப்பலி நூலே இடம் தருகிறது. அன்று அந்த வாளிகளைப் பீடத்துக்குக் கொண்டு வருவோம்.

பிடி எடுத்துப் போடும் வேலை ஒரு வாரம் அப்பாவுக்கு, அடுத்த வாரம் பிள்ளைகளுக்கு என்று மாறி மாறி வரட்டும். இரவுச் சாப்பாட்டுக்கு எல்லாத் தட்டுகளையும் ஒரே நேரத்தில் வைத்து, குழம்பில் கிடக்கிற மீன் துண்டுகளை எண்ணி, அம்மாவின் தட்டிலும் ஒன்றை வைத்த பிறகு செபம் சொல்லி உட்காருவோம்.