சூடு வராத வீடும் நகரசபையும்

(விட்பியில் நடைபெற்ற சித்திரைப் புத்தாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



பாட்டும் நடனமும் பார்க்க வந்த உங்களுக்கு நான் நகரசபையைப் பற்றிக் கதைக்கப் போகிறேன். பலகாரம் வர இன்னும் கொஞ்ச நேரம் இருக்குது என்று செயலாளர் சொன்னார். அந்தத் துணிவில்தான் மேடை ஏறினேன்.

1991ஆம் ஆண்டு தை மாதம். ரொறன்ரோ நகர நடுவில் ஓர் உயர்மாடிக் கட்டடம். ஒரு படுக்கையறை வீட்டில் நாங்கள் ஆறு பேர். ஹீற்றர் வேலை செய்யவில்லை. சமையலறை அவணைத் திறந்துவிட்டு, அதற்கு முன்னால் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு குந்தியிருந்தோம். இப்ப நினைத்தாலும் நெஞ்சு பதறுது. கட்டடப் பொறுப்பாளரிடம் போனால் "நாளைக்கு" என்பார். அந்த நாளை மூன்று கிழமையாக வரவில்லை.

முறைப்பாடு செய்யலாம் என்று எங்களுக்குத் தெரியாமல் இல்லை. பயம். அகதி விசாரணை முடியவில்லை. நகரசபைக்கு ரெலிபோன் எடுத்தால் பெயர் குடிவரவுக்குப் போகும், வழக்குப் பிழைச்சுப்போகும் என்று யாரோ சொன்னார்கள், நாங்களும் நம்பினோம். கடைசியில் பக்கத்து வீட்டு ஜமெய்க்கா அம்மாதான் எடுத்தார். இரண்டு நாளில் ஓர் உத்தியோகத்தர் வெப்பமானியோடு வந்து, சுவர் சுவராகப் பார்த்து எழுதிக்கொண்டு போனார். அந்தக் கிழமையே சூடு வந்தது. எங்கட அகதி வழக்குக்கு ஒன்றும் நடக்கவில்லை.

அந்த உத்தியோகத்தரின் கையில் இருந்த அதிகாரம் என்ன என்பதைப் பிறகுதான் படித்தேன். ஒன்ராறியோவில் வீட்டு வாடகைச் சட்டம் மாகாணத்தினுடையது. செப்டெம்பர் 1 முதல் ஜூன் 15 வரை வீட்டில் குறைந்தது 20 பாகை சூடு இருக்க வேண்டும் என்பதும் மாகாண விதி. ஆனால் கட்டடம் பழுதாகக் கிடந்தால் வந்து பார்த்து, திருத்தச் சொல்லிக் கட்டளை எழுதுவது நகரசபை. வீட்டுச் சொந்தக்காரர் மேன்முறையீடு செய்யலாம். கட்டளை உறுதியான பின்னும் திருத்தாவிட்டால், நகரசபை தானே ஆள் வைத்துத் திருத்தி, அந்தச் செலவைச் சொத்துவரியோடு சேர்த்து அறவிடலாம். இவ்வளவு பலம் இருந்தும் ஏன் கட்டடங்கள் அழுகிப் போகின்றன? பெரும்பாலும் யாராவது சொன்னால்தான் நகரசபை வருகிறது. சொல்லப் பயந்த சனம்தான் பழுதான கட்டடங்களில் இருக்கிறது.

ரொறன்ரோ இதைப் பிந்தித்தான் உணர்ந்தது. 2017 ஜூலையில் தொடங்கிய 'றென்ற் சேஃப்' திட்டத்தின்படி, மூன்று மாடிக்கும் பத்து வீட்டுக்கும் குறையாத வாடகைக் கட்டடங்கள் எல்லாம் பதிவு செய்யப்பட வேண்டும், முறைப்பாடு வராவிட்டாலும் பரிசோதிக்கப்பட வேண்டும். அது போதுமானதா? அடுத்த ஆண்டே, 2018 ஓகஸ்ட் 21ஆம் திகதி, எங்களில் பலர் முதலில் வந்து இறங்கிய சென்ற் ஜேம்ஸ் ரவுணில், 650 பார்லிமென்ற் வீதிக் கட்டடத்தில் மின்கோளாறால் தீ பிடித்தது. 1,500க்கு மேற்பட்டவர்கள் வெளியேறினார்கள். திரும்பிப் போகத் தொடங்கியது 2020இல்.

இன்னொரு பக்கமும் உண்டு. பழுதான கட்டடம் சில முதலாளிமாருக்கு நட்டமே இல்லை. 1998 முதல், ஒருவர் வீட்டை விட்டுப் போனால் அடுத்து வருபவரிடம் எவ்வளவு வாடகையும் கேட்கலாம். இடித்துப் புதிதாகக் கட்டினால் இன்னும் வசதி: 2018 நவம்பர் 15க்குப் பிறகு முதன்முதலாகக் குடியேறிய வீடுகளுக்கு மாகாணத்தின் ஆண்டு வாடகை வரம்பே கிடையாது. ஆகவே "பழசை இடித்துப் புதுசாக்குகிறோம்" என்று ஒருவர் சொன்னால் கைதட்ட முதல் ஒரு கேள்வி கேளுங்கோ: இப்ப இருக்கிற சனம் எங்கே போகும்?

ரீஜன்ற் பார்க்கில் அந்தக் கேள்வியைக் கேட்டார்கள். 1940களின் இறுதியில் கட்டத் தொடங்கிய பொது வீடுகள், பராமரிப்பில்லாமல் சீரழிந்தவை. மாநகரசபைக்குச் சொந்தமான வீடமைப்பு நிறுவனம் 2005இல் மீள்கட்டுமானத்தைத் தொடங்கியது. 2,083 வீடுகளுக்கும் மாற்றுவீடு, குடியிருந்தவர்களுக்குத் திரும்பிவரும் உரிமை என்று வாக்குக் கொடுத்தது. காசு? காணியில் கொண்டோக்கள் கட்டி விற்ற பணமும் அதற்குப் போனது. எல்லாம் நல்லபடி நடந்ததென்று சொல்லமாட்டேன். சிலர் வருடக்கணக்காகக் காத்திருந்தார்கள், சில மாற்றுவீடுகள் அந்த இடத்துக்கு வெளியே கட்டப்பட்டன. ஆனாலும் திரும்பிவரும் உரிமை எழுத்தில் இருந்தது. எழுத்தில் இருந்தால்தான் பிறகு சண்டை பிடிக்கலாம்.

இனி எங்கட விட்பி. இங்கேயும் பழைய வாடகை மாடிகள் உண்டு. கோ ரயில் நிலையத்தைச் சுற்றி உயரமாகக் கட்டத் திட்டம் இருக்கிறது. பொது வீடுகளும் காத்திருப்போர் பட்டியலும் டுர்ஹம் பிராந்திய சபையின் பொறுப்பு. பழுதுக் கட்டளையும் கட்டட அனுமதியும் விட்பி நகரசபையின் பொறுப்பு. இரண்டையும் குழப்பி, தவறான கந்தோரில் அரைநாள் நின்றவர்கள் இந்த மண்டபத்திலேயே இருக்கிறீர்கள். நானும் ஒருத்தன். ஆறு வீடுகளுக்குக் குறையாத வாடகைக் கட்டடத்தை இடிப்பதற்கு நிபந்தனை போடும் அதிகாரத்தை நகராட்சிச் சட்டத்தின் 99.1ஆம் பிரிவு விட்பிக்கும் கொடுக்கிறது. கட்டாயம் இல்லை, விரும்பினால் செய்யலாம். திருத்துகிறோம் என்று சொல்லிச் சனத்தை எழுப்புவதற்கு முதலாளி அனுமதிப்பத்திரம் எடுக்க வேண்டும் என்று ஹமில்ரன் 2025 ஜனவரியிலும் ரொறன்ரோ அதே ஆண்டு ஜூலை இறுதியிலும் விதி கொண்டுவந்தன. அங்கே வாடகைக்காரர் சங்கங்கள் வருடக்கணக்காக நகரசபைப் படியேறின. எங்கட ஆட்களோ பாராளுமன்றத் தேர்தலுக்கு பஸ் பிடிக்கிறோம், நகரசபைத் தேர்தல் நாளில் வீட்டில் இருக்கிறோம்.

கடைசியாக ஒன்று. சிலருக்குக் கோபம் வரும், வரட்டும். நாங்களும் இப்போது வீட்டுக்காரர். போன மாரியில் ஒரு பிள்ளை என்னிடம் வந்தது. படிக்க வந்த பிள்ளை. பேஸ்மென்றில் சூடு இல்லை, அவசரத்துக்கு வெளியேற ஒரு யன்னல் இல்லை, புகை மணியும் இல்லை. வீட்டுக்காரர் எங்கட ஆள். "தமிழ் ஆள் எண்டபடியால் சொல்லப் பயமா இருக்கு அங்கிள்" எண்டு சொல்லிச்சு. 1991இல் நான் குந்தியிருந்த அவண் கண்ணுக்கு முன்னால் வந்தது. பேஸ்மென்றை வாடகைக்கு விடுகிறவர்கள் நகரசபையில் பதிவு செய்யுங்கோ, பரிசோதிக்க வருபவரை உள்ளே விடுங்கோ.

வாசலடியில் ஒரு மேசை போட்டிருக்கிறோம். இரண்டு இளம்பிள்ளைகள் இருப்பார்கள். ஆங்கிலத்தில் முறைப்பாடு எழுத வேண்டியவர்களுக்கு அவர்கள் எழுதித் தருவார்கள். முறைப்பாடு கொடுத்த திகதியையும் இலக்கத்தையும் ஒரு கொப்பியில் குறித்து வையுங்கோ, வீட்டின் படமும் எடுத்து வையுங்கோ. அடுத்த மாதம் நகரசபைக் கூட்டத்துக்குப் போக ஒரு குழு சேர்க்கிறோம், இதுவரை நான்கு பேர். பேர் கொடுக்கிறவர்கள் அதே மேசையில் கொடுக்கலாம்.